புலம்பாத ரகம்

கருங்கரைப் பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் செடிகள் பேசத் தொடங்கி நாலு பருவம் ஆகியிருந்தது. பேசத் தொடங்கின என்பதைவிடப் புலம்பத் தொடங்கின என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். ஒரு செடி முதன்முதலாக மனிதனுக்குப் புரிகிற பாஷையில் வாய் திறந்தால் மழையைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ ஏதாவது பெரிதாகச் சொல்லும் என்று எதிர்பார்த்து, மாவட்ட அதிகாரிகள் வயலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செடியோ, "எம்மா... ராவெல்லாம் கண்ணு மூடலை. இடுப்புக்குக் கீழே ஒரே எரிச்சலு. போன வாரம் குடுத்த மாத்திரை கேக்கலை, வேற எழுதிக் குடுங்க" என்றது.

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருவியைச் செய்த தூத்துக்குடி என்ஜினீயர் ரொசாரியோ தலையைச் சொறிந்தான்.

"என்னய்யா இது? பருத்திச் செடிக்கு ஏது இடுப்பு?" என்று கேட்டாள் சங்கரவடிவு. பண்ணையில் நோய் தாங்கும் பருத்தி ரகங்களை உருவாக்குகிற விஞ்ஞானி அவள்தான்.

"மேடம், இலையில பூஞ்சாணம் இறங்குனா செடி ஒரு வாசனையை விடும். நம்ம மூக்குக்குத் தெரியாது. மெஷின் ஒரு பக்கமா அந்தக் காத்தை உறிஞ்சி, கஷ்டம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த வார்த்தையைப் பேசும். உறிஞ்சுன காத்தை அந்தப் பக்கமா வரிசை மேலேயே ஊதி விட்டுரும். அவ்வளவுதான்."

"அது சரி, மாத்திரை எப்படி வந்துச்சு?"

"லேசான கஷ்டத்துலேருந்து தாங்க முடியாத கஷ்டம் வரைக்கும் பேசுற குரல் வேணும்லா? பெர்மிஷன் வாங்கிட்டு டவுன் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில போய் உக்காந்து ரெக்கார்டு பண்ணுனேன். கஷ்டத்தை அவுகளை மாதிரி விளக்கமா யாரு மேடம் சொல்லுவா?"

குரலை மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, விவசாயிகளுக்குப் புரிகிற பேச்சு, அப்படியே இருக்கட்டும் என்று மேலிடம் பதில் அனுப்பியது. அன்றிலிருந்து கருங்கரையில் பொழுது விடிந்தால் வயல் முழுக்க ஓ.பி. கூட்டம்தான். வரிசைக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு ஒலிபெருக்கி. பக்கத்து ஊர்க்காரர்கள் பண்ணையைத் தாண்டிப் போகும்போது தங்களுக்கும் ஏதோ செய்கிற மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டு போனார்கள்.

சங்கரவடிவுக்குப் புலம்பல் என்றாலே ஆகாது. ஒருமுறை கடப்பாரை விழுந்து கால் பெருவிரல் நசுங்கியபோதுகூட அவள் முழு வயலையும் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோதுதான் புருஷனுக்கே விஷயம் தெரிந்தது. புருஷன் ரெண்டு தும்மல் வந்தால் உயில் எழுத வக்கீலைத் தேடுகிற ரகம். அவருக்கும் சேர்த்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், "நல்லா இருக்கேன், வேலையைப் பாருங்க" என்பதுதான் அவள் பதில்.

நோய் எதிர்ப்பைச் சோதிக்கிற வேலை கொஞ்சம் குரூரமானது. போன வருஷத்து நோய் இலைகளை ஊறவைத்து அந்தத் தண்ணீரை எல்லாச் செடிகள் மேலும் தெளிப்பார்கள். அதோடு, புது ரகங்களுக்கு நடுநடுவே, லேசாகக் காற்று மாறினாலே படுத்துக்கொள்கிற பழைய ரகம் ஒன்றையும் வேண்டுமென்றே நடுவார்கள். அதற்கு முதலில் நோய் வர வேண்டும், வந்து மற்றதற்கெல்லாம் பரப்ப வேண்டும். சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதன் சீக்குதான் சாட்சி. கருங்கரையில் அந்தப் பாவப்பட்ட ரகத்துக்குக் களையெடுக்கும் பெண்கள் வைத்த பெயர் சீக்காளி.

சீக்காளியின் வாய் ஊருக்கே கேட்டது. "எய்யா, தலை கிர்ருங்குது", "மதினி, தள்ளி உக்காருங்க, மூச்சு முட்டுது" என்று ஓயாத பேச்சு. களையெடுப்புக்குத் தலைமை மாடத்தி. அவளுக்கே மூட்டுவலி, பல்வலி, மருமகள் என்று ஏகப்பட்ட உபாதைகள் உண்டு. ஆகவே சீக்காளியோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். மதினி என்று கூப்பிட்டதும் உண்மையிலேயே தள்ளி உட்கார்ந்து, "பொறு தாயி, வெயில் தாழட்டும். எனக்கு மட்டும் என்ன வாழுதாம்?" என்று பதிலும் சொல்லுவாள்.

வயலின் மறு கோடியில், கம்பி வேலிக்குள், பூட்டுப் போட்ட கதவுக்குப் பின்னால் நின்றது கருங்கரை ஒன்பது. சங்கரவடிவின் வாழ்நாள் வேலை. விதை திருட்டுக்குப் பயந்து அதற்குள் அவளைத் தவிர யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. சாவி அவள் இடுப்பில். நோய்த் தண்ணீர்கூட வேலிக்கு வெளியே இருந்து குழாய் வைத்துத்தான் தெளிப்பார்கள். அவள் கருவியின் பொத்தானை அமுக்குவாள். கருங்கரை ஒன்பது தாழ்ந்த ஆண் குரலில், "நல்லா இருக்கேன். மத்தவங்களைப் பாருங்க" என்று சொல்லும்.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை பிடிபடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதிலும் இது தன்னைப் பற்றிப் பேசவே பேசாத குஞ்சு. பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். கருவி வந்த நாளிலிருந்து பருவத்துக்குப் பருவம் இருப்பதிலேயே குறைவாகப் புலம்புகிற செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்து, அதையே திரும்ப விதைத்து, கடைசியில் ஒரு முனகல்கூட இல்லாத ரகத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஓய்வு. அதற்குள் இந்த ரகத்தை அரசாங்கம் வெளியிட்டுவிட்டால் கரிசல் முழுக்க அதுதான் விளையும். வெளியிடாவிட்டால் அவளோடு சேர்ந்து அதுவும் வீட்டுக்குப் போய்விடும்.

நல்ல காலமாக விதிகளும் மாறியிருந்தன. இலையைப் புரட்டிப் புரட்டிப் புள்ளி பார்த்து மதிப்பெண் போடுகிற பழைய முறை எடுபட்டுப் போய், கருவி கேட்கிற புலம்பலின் அளவுதான் மதிப்பெண் என்று ஆகிவிட்டது. குறைவாகப் புலம்பினால் அதிக எதிர்ப்பு. ரகங்களை வெளியிடும் குழுவின் தலைவர் டாக்டர் கோதண்டபாணி கொண்டுவந்த விதி அது.

சங்கரவடிவுக்கு அந்த விதி வேறொரு விதத்தில் சௌகரியமாக இருந்தது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே வரப்பில் கொஞ்சம் நடந்தால் போதும், நெஞ்சின் மேல் யாரோ பஞ்சு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது தோள் இழுத்தது. குனிந்து அடியிலைகளைப் புரட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. வேலிக்குள் போவதையே விட்டுவிட்டாள். பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, கருவியோடு இணைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "நல்லா இருக்கேன்" என்று செடி சொல்வதைக் கேட்டாள். தூரத்திலிருந்து பார்க்க அதன் கொழுந்துகள் பச்சையாகத்தான் தெரிந்தன.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சோறு இறங்கலையா?" என்று மாடத்தி ஒருநாள் கேட்டாள்.

"நல்லா இருக்கேன். நீ போய்க் களையைப் பாரு."

குழு வருகிற நாள் வந்தது. கோதண்டபாணி வெள்ளை முழுக்கைச் சட்டையில், கூட இரண்டு உறுப்பினர்களோடும் ஒரு போட்டோக்காரரோடும் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். முதலில் சீக்காளி வரிசைக்குக் கூட்டிப் போனார்கள். இவர்களுடைய காலடி கேட்டதோ என்னவோ, சீக்காளி அன்றைக்கு உச்ச ஸ்தாயியில் இருந்தாள்.

"எய்யா, என்னைய மொதல்ல பாருங்கய்யா! காலையிலேருந்து காத்துக் கெடக்கேன்! உசுரு போற மாதிரி இருக்கு!"

உறுப்பினர்களில் ஒருவர் கண் கலங்கிக் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார். கோதண்டபாணி திருப்தியாகத் தலையாட்டினார். "பயங்கர நோய். சோதனை பக்காவா நடந்திருக்கு. இலையைப் பார்க்கவே வேண்டாம், காது இருந்தா போதும்."

அவர் சொன்ன மாதிரியே யாரும் பார்க்கவில்லை.

அடுத்து வேலி. சங்கரவடிவு பூட்டைத் திறக்கும்போது மூச்சு இறைத்தது. சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோதண்டபாணி பொத்தானை அமுக்கினார்.

"நல்லா இருக்கேன். மத்தவங்களைப் பாருங்க."

"ஆகா!" என்றார் கோதண்டபாணி. "என்ன ஒரு பண்பு! இந்த மாதிரி ரெண்டு பேர் எங்க டிபார்ட்மென்ட்ல இருந்தா நாடு எங்கேயோ போயிரும்மா. போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க!"

போட்டோவுக்கு நெருக்கமாக நிற்க வேண்டுமல்லவா. பெற்ற பிள்ளையை அணைக்கிற மாதிரி அவர் செடியின் தோளில் கை போட்டு அணைத்தார்.

பொலபொலவென்று இலைகள் உதிர்ந்தன. அடியிலை, நடு இலை எல்லாம். உதிர்ந்த ஒவ்வொரு இலையிலும் பழுப்பு வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். கோதண்டபாணி பதறிப் பின்னால் நகர்ந்தார். அங்கே நின்ற செடி இடிபட்டு அதன் இலைகளும் அவர் தலையில் கொட்டின. பிடிமானத்துக்காகக் கருவியைப் பிடித்தவரின் கை பொத்தானில் பட்டது.

"நல்லா இருக்கேன்" என்றது, நுனியில் நாலு கொழுந்தை மட்டும் வைத்துக்கொண்டு மொட்டைக் குச்சியாக நின்ற செடி. "மத்தவங்களைப் பாருங்க."

போட்டோக்காரர் மட்டும் கடமை தவறாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

சங்கரவடிவுக்குக் கண் இருட்டியது. நெஞ்சு வலியை மறந்து குனிந்து ஒரு செடியைத் தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. வரிசை முழுக்க அடியிலைகள் பழுத்துப்போய், மேலே மட்டும் பச்சைக் குடுமி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதைக் காண அவள் ஒரே ஒரு தடவை உள்ளே வந்திருந்தால் போதும். வராமல் போனதற்குக் காரணம் யார் என்று அவளுக்குத் தெரியும். அவமானம் வலியைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் ரொசாரியோ சீக்காளி வரிசையிலிருந்து ஓடி வந்தான். கையில் ஒரு கொத்து இலை. "மேடம், இதைப் பாருங்க! சீக்காளிக்கு அடியில ரெண்டு இலைதான் புள்ளி. மத்தபடி ஒண்ணுமே இல்ல. வாழைக்கன்னு மாதிரி இருக்கா!"

"அப்போ யாரோ மருந்து அடிச்சிருக்காங்க!" என்று கோதண்டபாணி தலையிலிருந்து இலையைத் தட்டிவிட்டபடி கத்தினார். எல்லாருடைய பார்வையும் மாடத்தி மேல் போயிற்று.

"மருந்தா?" என்று மாடத்தி எகிறினாள். "எனக்கே மூட்டுவலிக்கு மருந்து வாங்கித் தர நாதியில்ல. நான் போய் அதுக்கு அடிச்சனா? பேச்சுத் துணைக்கு நாலு வார்த்தை பேசுனேன், அது குத்தமாய்யா?"

ரொசாரியோ இலையையும் கருவியின் சின்ன விசிறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம், அந்த வாசனை இருக்குல்லா, அது சும்மா அழுகை இல்ல. பக்கத்துச் செடிக்கு, 'ஏ, பூஞ்சாணம் வருது, உசாரா இரு'ன்னு சொல்லுத சேதி. முன்னாடியெல்லாம் கரிசக்காட்டுக் காத்து அதை அடிச்சிட்டுப் போயிரும். இப்போ நம்ம விசிறி அதை வரிசை மேலேயே ஊதுது. ஒரு செடி அழுதா வரிசையே முழிச்சுக்கிடுது, இலையைக் கெட்டிப்படுத்திக்கிடுது. சத்தம் கேக்குதேன்னு நாலு பருவமா நாம யாருமே போய்ப் பாக்கலை."

"அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாக?" என்றாள் மாடத்தி.

"அப்போ கருங்கரை ஒன்பது?" என்று சங்கரவடிவு கேட்டாள். பதில் அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

"அது வாசனையே விடாது மேடம். புலம்பாத செடியிலேருந்துதான விதை எடுத்தோம்? நோயில்லாத செடியைப் பொறுக்குறோம்னு நெனச்சு வாயில்லாத செடியைப் பொறுக்கிட்டோம். அதுக்கு வலிக்குமோ என்னமோ. சொல்ல மட்டும் தெரியாது."

கோதண்டபாணி சட்டையை உதறிச் சரி செய்துகொண்டு, சங்கரவடிவைத் தனியாகக் கூப்பிடுவதுபோல இரண்டடி தள்ளிக் கூட்டிப் போனார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"இதப் பாருங்கம்மா. விதி என்ன சொல்லுது? புலம்பலைத்தான் அளக்கணும். உங்க ரகம் பூஜ்யம். சட்டப்படி ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ். இலை உதிர்றதைப் பத்தி விதியில ஒரு வரி இல்ல. விதியை மாத்தணும்னா என் தலைதான் உருளும். பேசாம கையெழுத்துப் போட்டுருவோம். உங்க பேர் நிக்கும். நீங்களும் எதையும் பெரிசு பண்ற ஆள் இல்லன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

பேசாமல் இருப்பது. அதில் அவளுக்கு வாழ்நாள் பழக்கம். பேசாமல் இருந்தால் கரிசல் முழுக்க அவள் பெயர். விதைக்கிற ஒவ்வொரு சம்சாரியும் காலையில் வயலுக்கு வந்து, நல்லா இருக்கேன் என்று செடி சொல்வதைக் கேட்டுவிட்டு, நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போவான். பருத்தி எடுக்கிற நேரத்தில்தான் தெரியும். அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யார் எதைத் தொட்டார்களோ, செடி மறுபடியும் சொன்னது. "நல்லா இருக்கேன். மத்தவங்களைப் பாருங்க."

"ரொசாரியோ, இது யார் குரல்?" என்று கேட்டாள்.

"ஓ.பி. வரிசையில ஒரு அண்ணாச்சி மேடம். சம்சாரத்துக்குத் துணையா வந்தவரு. உங்களுக்கு என்ன செய்யுதுன்னு நர்ஸ் கேட்டாக. அவரு இப்படிச் சொன்னாரு. அத்தனை கூட்டத்துல நல்லா இருக்கேன்னு சொன்னது அவர் ஒருத்தர்தான். அதான் பூஜ்யத்துக்கு அவர் குரலை வச்சேன். பெறவு அவருக்குப் போட்டுக் காட்டலாம்னு வீட்டுக்குப் போனா, படத்துக்கு மாலை போட்டிருந்துச்சு. ஹார்ட்டு. அந்தம்மா சொன்னாக, 'ஒருநாளும் வாயத் தொறந்து இன்னது செய்யுதுன்னு சொன்னதில்லைய்யா'ன்னு. குரலை எடுத்துரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், காட்டுலயாச்சும் பேசிக்கிட்டு இருக்கட்டும்னுட்டாக."

தூரத்தில் சீக்காளி, தன் டோக்கன் நம்பர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள் சங்கரவடிவு. "கையெழுத்துப் போட மாட்டேன். என் செடிக்கு உடம்பு சரியில்ல."

"அம்மா, நிதானமா யோசிச்சு..."

"எனக்கும் சரியில்ல" என்றாள் அவள். சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாகத் தூக்கிச் சுமந்ததைக் கீழே போடுகிறவள்போல வரப்பில் உட்கார்ந்தாள். "நெஞ்சு அடைக்குது. தோள் இழுக்குது. நடக்க முடியல. ரொம்ப நாளா முடியல."

கோதண்டபாணிக்கு விதிப்புத்தகத்தில் இதற்கும் ஒரு வரி இல்லை. "ஆம்புலன்ஸ்!" என்று அலறினார். அதற்குள் ரொசாரியோ ஜீப்பை எடுத்துவிட்டான். மாடத்தி அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பின் சீட்டில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் அதே ஓ.பி. பெஞ்சுகள், அதே கூட்டம். சங்கரவடிவு உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் பருத்திக் காட்டுக்குத்தான் திரும்பிவிட்டோமோ என்று நினைத்தாள். "ராவெல்லாம் கண்ணு மூடலை" என்றது ஒரு மூலை. "மதினி, தள்ளி உக்காருங்க" என்றது இன்னொரு மூலை. டோக்கனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அம்மாளின் குரலைக் கேட்டதும் ரொசாரியோ, "மேடம், சீக்காளி!" என்று காதோடு சொன்னான். நாலு வருஷமாகப் புலம்பியும் அந்த அம்மாள் திடகாத்திரமாக இருந்தாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து நர்ஸ் வரிசையை விலக்கி முன்னால் உட்கார வைத்தாள். சும்மா நின்ற நேரத்தில் மாடத்தியும் தன் கையை நீட்டிப் பிரஷர் பார்த்துக்கொண்டாள். இருபது வயசுப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் நர்ஸ். மாடத்திக்கு அது பெரிய ஏமாற்றம். "மிஷினு ரிப்பேரா இருக்கும்" என்றாள்.

சின்ன வயசு டாக்டர் வந்து சங்கரவடிவின் கையைப் பிடித்தாள். "என்னம்மா செய்யுது?"

நல்லா இருக்கேன் என்பது தொண்டை வரை வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் போகுமா. அவள் அதை விழுங்கினாள். பிறகு உரக்க, பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, ஒன்றுவிடாமல் சொன்னாள். பஞ்சு மூட்டை இறங்குவதை, இடது தோளை, வியர்த்துக் கொட்டுவதை, நாலு எட்டு நடந்தால் முட்டும் மூச்சை, வாய்வுதான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டதை. சீக்காளிகூட அவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை.

டாக்டர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னாள். "நேரத்தோட வந்தீங்க. சரி பண்ணிரலாம்."

பக்கத்தில் ஒரு சாக்குக் கடைக்காரர் பேரனின் காய்ச்சலுக்காக வந்து இவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா... இந்தம்மா சொல்லுதது அப்படியே எனக்கும் இருக்கு. ஒரு மாசமா. என்னத்தச் சொல்லிக்கிட்டுன்னு இருந்துட்டேன்."

டாக்டர் திரும்பி அவருடைய கையையும் பிடித்தாள். "இவருக்கும் எடுங்க" என்றாள் நர்ஸிடம். சங்கரவடிவு ரொசாரியோவைப் பார்த்தாள். தலைக்கு மேலே ஆஸ்பத்திரி மின்விசிறி கடகடவென்று பெஞ்சு மேல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தபோது வலித்தது. அதையும் உடனே சொல்லிவிட்டாள்.